ஆபரேஷன் முடிந்தும் வலி போகாதவர்களுக்கு

எண்டோமெட்ரியோசிஸ் என்கிற கருப்பை சம்பந்தப்பட்ட நோய்க்கு ஆபரேஷன் செய்தும் வலி தீரவில்லை என்று தவிக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கும் தீரவில்லை. அதற்கப்புறம் கிடைத்த சிகிச்சைதான் என்னை நிமிர்ந்து நடக்க வைத்தது.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூடம் போகும்போதே பீரியட்ஸ் வலி அதிகம். அம்மா மோரில் வெந்தயம் போட்டுக் கொடுப்பார். "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்றார்கள். ஆனதும், "ஒரு கொழந்த பொறந்தா சரியாயிடும்" என்றார்கள். வலியோ மாதம் முழுக்கப் பரவிவிட்டது. மலம் கழிக்கும்போது உள்ளே குத்தும், கணவரோடு சேரும்போது உயிர் போகும். வயிற்று ஸ்கேன் எல்லாம் நார்மல் என்று கேஸ் மாத்திரை எழுதித் தந்தார்கள்.

கடைசியில் ஒரு டாக்டரம்மா அந்த இரண்டு வலியையும் அவராகவே கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் எடுத்ததில் இடது சினைப்பையில் சாக்லேட் கட்டி, அதாவது பழைய ரத்தம் தேங்கிய கட்டி தெரிந்தது. இதுதான் எண்டோமெட்ரியோசிஸ், கருப்பையின் உள்சுவர் மாதிரியான திசு கருப்பைக்கு வெளியே வளர்கிற நோய், ஏறக்குறைய பத்தில் ஒரு பெண்ணுக்கு இருக்கிறது, மேலோட்டமாகப் படிந்திருந்தால் ஸ்கேனில் தெரியாமலே போகலாம் என்று விளக்கினார்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் லேப்ராஸ்கோபி, அதாவது சின்னத் துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன் நடந்தது. அதற்கப்புறம் தினமும் டயனோஜெஸ்ட் என்கிற ஹார்மோன் மாத்திரை. பீரியட்ஸ் நின்றது. ஆனால் அடிவயிற்று வலி பாதிதான் குறைந்தது. "அதான் ஆபரேஷன் ஆயிடுச்சே" என்று வீட்டில் சொன்னபோது பதில் சொல்லத் தெரியவில்லை.

திரும்பப் போனேன். டாக்டரம்மா பிறப்புறுப்புக்குள் ஒரு விரலால் உள்தசையை லேசாக அழுத்தினார். அதே வலி! வருடக்கணக்கில் வலிக்குப் பயந்து இறுக்கி இறுக்கி, இடுப்படித் தசைகள் தளரவே மறந்துவிட்டன. நரம்புகளும் சின்னத் தொடுதலையே பெரிய வலியாக எடுத்துக்கொள்கின்றன என்றார். கட்டியை எடுத்தால் மட்டும் இது போகாதாம்.

இதற்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார்கள். பெண்களுக்கு எல்லாரும் சொல்லும், இடுப்படித் தசையை இறுக்கிப் பிடிக்கிற கீகல் பயிற்சியை நான் செய்யவே கூடாது என்றார் எனக்குச் சிகிச்சை தந்த பிசியோதெரபிஸ்ட். ஏற்கெனவே இறுகிய தசையை அது இன்னும் இறுக்கும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிறு எழும்ப மூச்சை இழுத்து, ஆசனவாயைத் தளர விட வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலடியில் முக்காலி வைத்து, முக்காமல் போக வேண்டும். உள்தசையை அவரே மெதுவாக அழுத்தித் தளர்த்துவார். கூச்சம் இருக்கும்தான், வலித்தால் உடனே நிறுத்துவார். பலன் மெல்லத்தான் தெரிந்தது, ஆனால் தெரிந்தது.

ஒரே நிலையில் நிற்கக் கூடாது என்றதால் கடையில் ஸ்டூல் கேட்டேன். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

இப்போதும் சில நாள் வலிக்கும். ஆனால் உட்கார முடிகிறது, தூங்க முடிகிறது. குழந்தைக்கு முயல வேண்டுமானால் டயனோஜெஸ்ட்டை நிறுத்த வேண்டும். அதை எப்போது நிறுத்தலாம் என்று பேசத்தான் அடுத்த முறை கணவரும் நானும் சேர்ந்து டாக்டரம்மாவைப் பார்க்கப் போகிறோம்.