டிவி மெமரி ஐசியை வீட்டிலேயே எழுதிப் பார்த்தது

வீட்டில் கிடந்த பழைய 21 இஞ்ச் டிவி, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் சேனல்களை மறந்தது. படமும் மேலே கீழே இழுபட்டுத் தெரிந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் மெமரி ஐசி மீது சந்தேகப்படலாம். சேனல் டியூனிங்கோடு படத்தின் உயரம், அகலம் போன்ற அளவுகளும் அந்த எட்டுக் கால் ஐசிக்குள்தான் இருக்கும். என்னுடையதில் இருந்தது 24சி08. மொத்தம் 1024 பைட்.

ஐசியைக் கம்ப்யூட்டரில் படிக்கவும் எழுதவும் சாஃப்ட்வேர் போனிபிராக். இத்தாலியரான கிளாடியோ லான்கொனெல்லி எழுதியது. ஷேர்வேர் காலத்து முகம்தான், ஆனால் 'பதிவு செய், பணம் கட்டு' என்று நச்சரிக்காது. இலவசம், சோர்ஸ் கோடும் உண்டு.

ஐசியைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சர்க்யூட் ரொம்பச் சின்னது. சீரியல் போர்ட்டின் ஆர்டிஎஸ் கம்பி கிளாக்குக்கு, டிடிஆர் டேட்டாவுக்கு, ஐசியின் பதில் சிடிஎஸ் வழியாகத் திரும்பும். போர்ட்டில் பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் 12 வோல்ட் வரை வரலாம் என்பதால் அதை மட்டுப்படுத்த 5.1 வோல்ட் ஜீனர் டையோடு கட்டாயம். யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டரை நம்பாதீர்கள். இந்த சாஃப்ட்வேர் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக ஏற்றி இறக்குகிறது. யுஎஸ்பி வழியாக அது ஆமை வேகம். அதற்காகவே எக்ஸ்பி போட்ட பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டினேன்.

இன்டர்ஃபேஸ் செட்டப்பில் காம் 1 கொடுத்து, புரோப் அழுத்தினால் 'டெஸ்ட் ஓகே' வந்தது. பிறகு காலிபரேஷன். டைமிங்கை அளக்கும்போது வேறு எந்த புரோகிராமும் ஓடக்கூடாது.

ரீட் செய்வதில்தான் பொழுது போனது. அடுத்தடுத்து எடுத்த டம்ப்புகள் (ஐசியில் உள்ளதை அப்படியே படித்தெடுத்த நகல்கள்) ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஐசிதான் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் நீளக் கேபிளைக் கழற்றி, ஒரு சாண் கம்பியில் இணைத்தேன். உடனே எல்லா டம்ப்பும் ஒன்றுபோல வந்தன. ஒரே ஒரு டம்ப்பை வைத்துக்கொண்டு ரைட் பட்டனைத் தொடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம்தான். இன்னொன்று: மெனுவில் 2408-க்குப் பதில் சின்ன ஐசியான 2402 என்று தேர்ந்தெடுத்தால் முதல் 256 பைட் மட்டும் வரும், மீதி முக்கால் பாகம் வராது. அப்போது எர்ரர் எதுவும் வராது என்பதுதான் சிக்கல்.

படிக்கும்வரை ஐசியின் 7-ஆம் காலை 5 வோல்ட்டில் கட்டி வைத்திருந்தேன். அது ரைட் புரொடெக்ட். கை தவறினாலும் டேட்டா அழியாது. எழுதும்போது அதைக் கிரவுண்டுக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் எழுதுவதுபோல் எல்லாம் ஓடி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் வெரிஃபையில் வந்து மாட்டும்.

தெரிந்த மெக்கானிக் அண்ணன் அதே சேஸிஸ் (உள்ளே இருக்கும் மெயின் போர்டு) உள்ள நல்ல டிவியின் டம்ப்பைத் தந்தார். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதில், என் ஐசியில் ஓரிடத்தில் வரிசையாக எஃப்எஃப். அதாவது அங்கே அழிந்துபோயிருக்கிறது. புது ஐசியில் அவர் டம்ப்பை எழுதி, வெரிஃபை சரியானதும், போர்டில் ஐசி பேஸ் வைத்துச் செருகினேன்.

படம் நேராக வந்தது. அகலம் மட்டும் கொஞ்சம் கூடுதல். பிக்சர் டியூபுக்கு டியூப் அளவு மாறும் என்பதால் மெக்கானிக்குகளுக்கான சர்வீஸ் மோடு மெனுவில் போய்க் குறைத்தேன். சேனல்களைத் திரும்பத் தேடிப் பதிந்தாயிற்று, இப்போது மறப்பதில்லை.

அடுத்து 93சி46 என்ற இன்னொரு மெமரி ஐசி. 128 பைட்தான், ஆனால் டேட்டாவை 8 பிட்டாகப் படிப்பதா 16 பிட்டாகப் படிப்பதா என்று முடிவு செய்ய அதில் தனியாக ஒரு கால் இருக்கிறது. அதற்கு சாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன்.