ப்ரூஜில் லேஸ் நூல்: அட்டையை நம்பாதீர்கள், கையை நம்புங்கள்

பெல்ஜியத்தின் ப்ரூஜ் கடைவீதியில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் லேஸில் பெரும்பாலானது மிஷின் வேலை. கையால் லேஸ் பின்ன லினன் நூல் (ஆளி நாரில் நூற்றது) வாங்க வருகிறவர்கள் அதைத் தாண்டி பால்ஸ்ட்ராட் தெருவுக்கு நடந்துவிடலாம். ஜெருசலேம் தேவாலயத்துக்குப் பக்கத்தில், பழைய லேஸ் பள்ளிக் கட்டடத்தில் ‘கான்ட்சென்ட்ரும்’ என்ற லேஸ் மையம் இருக்கிறது. அருங்காட்சியகம், மதியத்துக்கு மேல் செயல்விளக்கம், நூல் கடை எல்லாம் அங்கேயே.

நூலின் அட்டையில் 60/2 என்று போட்டிருந்தால் 60 நம்பர் நூல் இரண்டு புரி. நம்பர் கூடினால் நூல் மெலியும். திருப்பூர், கோவை கவுண்ட் கணக்கு இங்கே செல்லாது: ஒரு பவுண்டுக்குப் பருத்தியில் 840 கெஜச் சிட்டம் (நூல் கட்டு) எத்தனை என்று எண்ணுகிறோம், லினனில் 300 கெஜச் சிட்டம். அதனால் 60 நம்பர் லினன் பருத்தியில் 21-ஆம் கவுண்டுக்குத்தான் சமம். 60/2 நூல் 50 கிராம் வாங்கினால் ஏறத்தாழ 900 மீட்டர் வரும்.

நூலை ஒரு முழம் உருவி வெளிச்சத்தில் பிடியுங்கள். நீள நாரை ஈரத்தில் நூற்றது வழவழப்பாக இருக்கும். குட்டை நாரில் நூற்றதில் பிசிறு கிளம்பும், நடுநடுவே முண்டு தட்டும். அந்த முண்டு குண்டூசியில் உரசும். பாபினை (நூல் சுற்றிய சிறு கட்டையை) இழுக்கும்போது அங்கேதான் அறும். அடுத்து, இரண்டு விரலுக்கிடையே முறுக்கை எதிர்ப்பக்கம் உருட்டுங்கள். சட்டென்று புரி பிரிந்தால் வேண்டாம். வேலையின்போது பாபின் உருண்டு உருண்டு முறுக்கு தளரும், ஒரு புரி மட்டும் தொங்கும். பளீரென்ற வெள்ளைக்கும் மயங்க வேண்டாம். அதிகமாக வெளுத்தால் நாரின் வலு குறையும். பாதி வெளுத்ததே என் தேர்வு.

குண்டூசி குத்தத் துளை குறித்த பேட்டர்ன் அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். டார்ஷோன் என்ற லேஸ் வகை என்றால் நேர் ஓரத்தில் அடுத்தடுத்த இரண்டு துளைக்கு உள்ள தூரத்தைப் பென்சிலில் குறித்து, நூலை இடைவெளியோ ஏறலோ இல்லாமல் சுற்றுங்கள். 10 முதல் 12 சுற்று அடங்கினால் சரி. எட்டோடு நின்றால் லேஸ் அட்டைபோல விறைக்கும். பதினாறு போனால் துவண்டு வடிவம் கலையும். பின்ஷ் லேஸ் மாதிரி நுண்ணிய வேலைக்கு லினனைத் தேடி அலையாதீர்கள். அந்தக் காலத்து மெல்லிய நூலை இன்று யாரும் நூற்பதில்லை, மெல்லிய பருத்திதான் போடுகிறார்கள்.

நேரமிருந்தால் கோர்ட்ரெய்க்குப் போய் ஆளி, லினன் பற்றிய டெக்ஸ்ச்சர் அருங்காட்சியகம் பாருங்கள். ரயில் ரூசலேர் வழியாகப் போகும். கோர்ட்ரெய்க்கில் ஓடும் லெய் ஆற்றில்தான் ஒரு காலத்தில் ஆளித்தண்டை ஊறப்போட்டு நார் எடுத்தார்கள். ஆற்றில் ஊறிய நார் வெளிர் மஞ்சள். இன்று வயலிலேயே பனியில் கிடத்துவதால் சாயம் ஏறாத நூல் சாம்பல் நிறமாக வருகிறது. அது பழுதல்ல.

ஊருக்கு வந்தபின் ஏசி அறையில் வைத்துப் பின்னினால் நூல் காய்ந்து அறும். ஈரம் பட்டால் லினனுக்கு வலு கூடும் என்பதால், பின்னும்போது பக்கத்தில் ஈரத்துணி ஒன்று விரித்து வையுங்கள். நூல்கண்டை மட்டும் ஈரத்தோடு பாலித்தீனில் கட்டிவிடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.