நானூறு மூட்டை பந்தூக்

துபாய் தேராவில், மசாலாவும் பருப்பும் மொத்த வியாபாரமாகும் அல் ராஸ் சந்துகளுக்குப் பக்கத்தில், ஒரு கிளியரிங் ஆபீசில் பல வருஷம் இருந்தேன். வந்த சரக்குக்குக் காகிதம் தயார் செய்து, சுங்கத்தில் காட்டி, லாரி ஏற்றிவிடும் வேலை. ஊரில் கேட்பவர்களுக்கு ‘ஷிப்பிங்’ என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் நாள் முழுக்கப் பட்டியல் படிக்கிற வேலைதான்.

காயல்பட்டினத்துப் பையன் ஒருவன் புதிதாகச் சேர்ந்திருந்தான். சின்ன வயதிலேயே ஓதிப் பழகியவன். அரபி எழுத்தை நம்மூர்ப் பேப்பர் மாதிரி வாசிப்பான். அர்த்தம் மட்டும் தெரியாது. அறையில் உடன் இருந்த பெஷாவர்க்காரர்கள் தயவில் உருது கொஞ்சம் வரும். ஒருநாள் ஒரு சிரியா வியாபாரி கையால் எழுதி அனுப்பிய பட்டியலைப் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“அண்ணே, துருக்கியிலேர்ந்து பந்தூக் வருது. நானூறு மூட்டை.”

பந்தூக் என்றால் துப்பாக்கி. இந்திப் படம் பார்த்த அத்தனை பேருக்கும் தெரியும். துப்பாக்கியை யாராவது மூட்டையில் கட்டுவார்களா, அதுவும் 25 கிலோ மூட்டையாக, என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எங்கள் தொழிலில் ஆயுதம் என்ற சொல் காதில் விழுந்தாலே வயிறு கலங்கும். லாரியை நிறுத்தி வைத்தேன். மதியத் தொழுகை முடிந்து எங்கள் மந்தூப் (அரசு ஆபீஸ் வேலைகளுக்குப் போய்வரும் ஆள்), எகிப்துக்காரர், வந்து காகிதத்தைப் பார்த்துவிட்டு, பையனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் நாற்காலியில் உட்கார்ந்துதான் நிறுத்தினார்.

அது புந்துக். ஹேசல்நட் என்கிற கொட்டை. உருதுவில் துப்பாக்கியை எழுதும்போது நடுவில் ஒரு வாவ் எழுத்து கூடுதலாக வரும். அது இதில் இல்லை. லாரி காத்துக் கிடந்த கூலியை அர்பாப், அதாவது முதலாளி, என் கணக்கில்தான் எழுதினார். நியாயம்தான்.

இதில் எனக்கு இன்னொரு வெட்கமும் உண்டு. துபாய்க்கு வந்த முதல் மாதம், ஒரு கடைக்காரரிடம் ஹோட்டலுக்கு வழி கேட்டேன். அரபியில் ஹோட்டல் ஃபுந்துக். நம் வாயில் ஃப எங்கே வருகிறது? ஃபேனையே பேன் என்கிறவர்கள் நாம். ‘புந்துக்’ என்றேன், பம்பரத்தில் வரும் ப போட்டு. அரபிக்காரர்களுக்கு அந்த ப கிடையாது; அம்பில் வரும் ப மட்டும்தான். (தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் இதை எழுதிக் காட்டுவதே பெரும்பாடு.) அவர் காதில் என்ன விழுந்ததோ, சாக்கிலிருந்து ஒரு கை கொட்டையை அள்ளி நீட்டினார். அன்றைக்கே அந்தச் சொல்லைக் கற்றிருக்கலாம். தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

கிடங்கில் மந்தூப் ஒரு மூட்டையைப் பிரித்து, ஒரு கொட்டையை என் உள்ளங்கையில் வைத்தார். கோலி அளவு. பழுப்பு நிறம், ஒரு பக்கம் மட்டும் தேய்த்துவிட்டாற்போல் வெளுத்த வட்டம். செருப்பால் மிதித்தால் ‘டப்’பென்று உடைகிறது, உள்ளே இன்னும் சின்ன உருண்டை. “இதுதான் உன் துப்பாக்கி” என்று சொல்லிவிட்டுக் கதையை ஆரம்பித்தார்.

கருங்கடல் கரைக்குக் கிரேக்கர் இட்ட பெயர் பொந்தஸ். அங்கிருந்து வந்தது பொந்தஸ் கொட்டை. அது அரபி வாயில் புந்துக் ஆனது. இன்றைக்கும் அந்தக் கரையில், துருக்கியின் ஒர்து, கிரேசுன் பக்கம்தான் அதிகம் விளைகிறது. கொட்டை அளவில் களிமண்ணை உருட்டி, வில்லில் வைத்துப் பறவை அடித்தார்கள். அந்த உருண்டையும் புந்துக். 1260 முதல் 1277 வரை எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸின் பெயரோடு புந்துக்தாரி என்று ஒட்டிக்கொண்டிருப்பது அந்த வில்லால்தான். அவரை அடிமையாக வாங்கிய எஜமான் உண்டைவில் தூக்கும் பதவிக்காரர். பின்னால் வெடிமருந்து வந்தது, உருண்டையைக் குழல் துப்பியது, குழலுக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்து பந்தூக் ஆகி, வெள்ளைக்காரச் சிப்பாய் வாயில் ‘பண்டுக்’ ஆகி இங்கிலாந்துக்கும் போனது.

கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கூனிதான் நினைவுக்கு வந்தாள். சின்ன வயதில் இராமன் அவள் முதுகில் அடித்த உருண்டையை ‘வில் உமிழ் உண்டை’ என்கிறான் கம்பன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஓணானை அடிப்பதும் உண்டிவில்லால்தான். நாம் மட்டும் என்னவாம்? மல்லியும் குண்டு, பல்பும் குண்டு, துப்பாக்கியிலிருந்து வருவதும் குண்டு. உருண்டையாக இருந்தால் போதும். துப்பாக்கி என்ற சொல்லையே பலர் துப்புவதோடு சேர்த்துவிடுகிறார்கள். அது துருக்கியின் துஃபெக் வழியில் வந்தது. குறளில் மழையைப் பற்றி வரும் ‘துப்பாக்கி’யும் வேறு, உணவாக்கி என்று பொருள். இதை மந்தூபிடம் விளக்கப் பார்த்தேன். அவருக்குப் புரியவில்லை; டீ சொன்னார்.

பையனுக்கு ஒன்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன்: பெயரை நம்பாதே, பக்கத்துக் கட்டத்தில் ஹெச்.எஸ். கோடு, அதாவது சரக்கு வகைக்கான சுங்க எண்ணைப் பார். ஓடு நீக்காத ஹேசல்நட் 080221. ஆயுதம் என்றால் 93இல் தொடங்கும்.

நாலு மாதம் கழித்து மறுபடி வந்தான். இந்த முறை கையில் அரபி அகராதி. “அண்ணே, அனுப்புற ஊர் அல் புந்துகிய்யான்னு போட்டிருக்கு. அகராதியில ரைஃபிள்னு இருக்கு. ஆனா கோடு 9405.”

வாங்கிப் பார்த்தேன். வெனிஸ் நகரத்துக்கும் அரபியில் அதே பெயர், அதே எழுத்து. சரக்கு, கண்ணாடிச் சரவிளக்கு.

“93 இல்லையே அண்ணே, லாரி ஏத்திடட்டுமா?” என்றான்.