டிஸ்க் எண் 117

ஜூன் 2
ஹார்ட் டிஸ்க்கில் ஏற்ற, அப்பாவின் டிவிடிகளை எண்ணி முடித்தேன். 214. ஒவ்வொரு உறையின் உள்பக்கத்திலும் அப்பா பென்சிலால் எண்ணும் வாங்கிய தேதியும் எழுதி வைத்திருக்கிறார். மோசர் பேர் கம்பெனி 34 ரூபாய்க்கு டிவிடி விற்க ஆரம்பித்த 2007இல் மட்டும் 61 வாங்கியிருக்கிறார். 117க்கு உறை இல்லை. பழைய தினசரித் தாளில் சுற்றிக் கிடந்தது.

ஜூன் 3
மேக்எம்கேவி என்ற மென்பொருளில் ஒரு டிஸ்க்கைக் கம்ப்யூட்டருக்கு எடுக்க 25 நிமிஷம். சுருக்காமல் எடுத்தால் 4 முதல் 7 ஜிபி வரை வருகிறது. இடம் போதாதோ என்று பயந்து, எடுத்ததை ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் சுருக்கினேன்.

காலையில் பிசியோதெரபிக்காரர் வந்து போனார். அப்பாவின் இடது கைப் பிடி பரவாயில்லையாம்.

ஜூன் 5
எல்லாம் வீண். ஹாலில் போட்டுப் பார்த்தேன். நடு ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. ஹேண்ட்பிரேக் ஒலியைத் தானாகவே இரண்டே சானல் உள்ள ஏஏசி ஸ்டீரியோவாக்கிவிட்டது, நானும் பார்க்காமல் விட்டிருக்கிறேன். 5.1, அதாவது ஆறு சானல் ஒலி, இருக்கிற டிஸ்க்கில் வசனம் பெரும்பாலும் அந்த நடு ஸ்பீக்கரில்தான் வரும். அப்பாவுக்குப் பின்னணி இசையோடு கலந்து வந்தால் வசனம் பிடிபடாது. அதற்காகவே ரிசீவரில் நடு ஸ்பீக்கரை 3 டெசிபல் கூட்டி வைத்திருந்தவர். டிஸ்க்கில் இருந்த ஏசி3 ஒலியை அப்படியே விட்டிருக்க வேண்டும். 31 டிஸ்க்கையும் முதலிலிருந்து எடுக்கிறேன். இனி சுருக்குவதாக இல்லை. 214ம் சேர்ந்தால் ஒரு டிபியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். 4 டிபி ஹார்ட் டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் கஞ்சத்தனம் பண்ணினேன்?

ஜூன் 6
117. 1:12:40இல் நின்றுவிட்டது.

ஜூன் 7
நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைத்தேன். மறுபடியும் 1:12:40.

ஜூன் 8
தூக்கம் வரவில்லை. 117 கடையில் வாங்கியது இல்லை. 2006 திருவிழாவில் அப்பா நடித்த நாடகத்தை எடுத்து ஸ்டூடியோக்காரர் எழுதிக் கொடுத்த டிவிடி-ஆர். மேலே ஒட்டிய பேப்பர் லேபிள் ஒரு பக்கம் உப்பியிருக்கிறது, வேகமாகச் சுற்றும்போது டிஸ்க் ஆடுகிறது. ஒரு மணி நேரம் வரை அப்பாவின் கர்ணன் நன்றாக வருகிறது. குந்தி வந்து நிற்கிற இடம். அப்பா மூச்சை இழுத்து வாயைத் திறக்கிறார். அங்கேதான் படம் உறைகிறது.

இது வந்துவிட்டால் அவருக்குப் போட்டுக் காட்டலாமா? இன்று காலை முழுக்க "ம" சொல்லப் பயிற்சி. ஏழெட்டு முறை முயன்று, கண்ணை மூடிக்கொண்டார். ஒரே மூச்சில் அரைப் பக்க வசனம் சொன்ன மனிதர் அந்தக் குரலைக் கேட்டால் சந்தோஷப்படுவாரா, உடைந்து போவாரா? அம்மாவிடம் கேட்டேன். "முதல்ல எடுடி, அப்புறம் பாக்கலாம்" என்றாள். காட்டாமல் ஒளித்து வைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? காட்டி அவர் அழுதால் நான் என்ன செய்வேன்?

ஜூன் 9
டிடிரெஸ்க்யூ, கெட்ட டிஸ்க்கிலிருந்து டேட்டாவை மீட்கும் மென்பொருள். கெட்ட இடத்தைத் தாண்டிப் போய் நல்லதை முதலில் எடுத்துக்கொள்கிறது, பிறகு திரும்பி வந்து கெட்டதைச் சுரண்டுகிறது. எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு மேப் ஃபைலில் குறித்து வைக்கிறது. மீதம் 11 எம்பி.

ஜூன் 10
2.3 எம்பி.

ஜூன் 11
அசையவில்லை. எரிச்சலில் அம்மாவிடம் கத்திவிட்டேன்.

ஜூன் 12
ஹாலில் கோடி (Kodi) என்ற வீடியோ பிளேயரைத் திறந்து அப்பாவிடம் கொடுத்தேன். போஸ்டர் எதுவும் வைக்கவில்லை, அவர் போட்ட எண்ணையே ஃபைல் பெயருக்கு முன்னால் வைத்திருக்கிறேன். இடது கையால் ரிமோட்டை அழுத்தி அழுத்திக் கீழே போனார். 114, 115, 116, 118. மேலே போனார். திரும்பக் கீழே வந்தார். என்னைப் பார்த்தார்.

"எடுத்துட்டிருக்கேம்பா. கொஞ்சம் கெட்டுப்போயிருக்கு."

ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நல்ல பிடி.

ஜூன் 13
186 முடிந்தது. நாடகத்தில் கை வீசும்போதெல்லாம் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு. இன்டர்லேஸ், ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் தனித்தனியாகப் பதிகிற பழைய முறை. ஃபைலைத் தொடமாட்டேன், ஓடும்போது கோடி சரிசெய்துகொள்ளும்.

ஜூன் 15
அத்தை பையன் தன் பழைய லேப்டாப்பின் டிவிடி டிரைவைக் கழற்றிக் கொண்டுவந்தான். ஒரு டிரைவ் படிக்காத செக்டரை, அதாவது டிஸ்க்கின் 2 கேபி துண்டை, இன்னொன்று படித்துவிடுவதுண்டு. அதே மேப் ஃபைலைக் கொடுத்து ஓடவிட்டேன். 900 கேபி. 212 கேபி. இப்போது 38 கேபி, அதாவது 19 செக்டர்.

மணி 11:40. அப்பா இன்னும் படுக்கப் போகவில்லை. நாற்காலியை என் பக்கத்தில் தள்ளச் சொல்லி, திரையில் எண் குறைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். 17.