சாப்பாட்டு மேசையில் ஓவல்

மே 3, 2025, சனி

பிள்ளைகள் படுத்த பிறகு மேசையைத் துடைத்துவிட்டுப் புதுக் கொப்பியில் கோடு கீறினேன், பழைய கிரிக்கெட் ஆட்டமொன்றைக் கட்டை உருட்டி மேசையிலேயே திரும்ப ஆடிப் பார்க்க. இலங்கை எதிர் இங்கிலாந்து, 1982 பெப்ரவரி, பி. சரவணமுத்து ஓவல். எங்கள் முதலாவது டெஸ்ட். முதல் இன்னிங்ஸ் இரண்டும் நடந்தபடியே இருக்கட்டும்: நாங்கள் 218, அவர்கள் 223. இரண்டாவது இன்னிங்ஸிலிருந்துதான் நான் ஆறு பக்கத் தாயக்கட்டை உருட்டப் போகிறேன்.

நான் அப்போது பிறக்கவே இல்லை. ஆனாலும் அந்த இன்னிங்ஸை நினைத்தால் இன்றும் மனம் கிடந்து துடிக்கும். 3 விக்கெட்டுக்கு 167 என்று நின்றோம். ரோய் டயஸ் 77 அடித்திருந்தார். பிறகு 175க்கு எல்லாமே முடிந்தது, எட்டு ஓட்டத்துக்குள் ஏழு விக்கெட். இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் எம்புரிக்கு 33 ஓட்டங்களுக்கு 6 விக்கெட். இங்கிலாந்து 7 விக்கெட்டால் வென்றது.

ஒரேயொரு மாற்றம் செய்கிறேன். நாலாம் இடத்தில் பழைய துடுப்பாட்டக்காரர் மகாதேவா சதாசிவம் ஆடுவார். இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து வரும்முன்பே, 1977இல், அவர் இறந்துபோனார். தமிழ் யூனியன் கழகத்தின் சொந்த மைதானம் ஓவல், அவர் அந்தக் கழகத்து ஆள். அந்த மைதானத்தில் அவருக்கு ஒரு டெஸ்ட் இன்னிங்ஸ் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை.

மே 6, செவ்வாய்

வேலையால் வர எட்டு மணியாகிவிட்டது. ஆட்டம் இல்லை, அட்டை மட்டும்.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் புத்தகத்தைத் திறந்து, பக்க எண்ணின் கடைசி இலக்கத்தை ஓட்டமாக எழுதி விளையாடினோம். நல்ல விளையாட்டுத்தான். ஆனால் அதில் டயஸும் பதினொராம் ஆளும் ஒன்று, புத்தகத்துக்கு ஆளைத் தெரியாது. ஆளைத் தெரிய வேண்டுமென்றால் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை வேண்டும். அமெரிக்காவில் பேஸ்போலுக்கு இப்படி அட்டையும் கட்டையுமாக 1951இல் ஆப்பா, 1961இல் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற விளையாட்டுகள் வந்தன. ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கில் ஒரு கட்டையில் 1, 2, 3 விழுந்தால் அடிப்பவரின் அட்டை, 4, 5, 6 விழுந்தால் எறிபவரின் அட்டை. அந்த யோசனையை அப்படியே கிரிக்கெட்டுக்கு எடுத்துக்கொண்டேன். நீலக் கட்டை யாருடைய அட்டை என்று சொல்லும். சிவப்பையும் வெள்ளையையும் அடுத்தடுத்து வைத்து 11 முதல் 66 வரை வாசித்தால் 36 கட்டங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பு.

சிக்கல் விக்கெட்டில்தான். இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் அண்டர்வுட் டெஸ்ட்களில் 297 விக்கெட் எடுத்தவர், ஏறக்குறைய 73 பந்துக்கு ஒன்று. 36இல் ஒரு கட்டத்தை விக்கெட் என்று விட்டால் இரண்டு மடங்கு ஆட்களைக் கொன்றுவிடுவார். ஆகவே அந்தக் கட்டம் விழுந்தால் இன்னொரு கட்டை உருட்ட வேண்டும், 1 முதல் 3 வந்தால் மட்டும் அவுட். 72 பந்துக்கு ஒன்று. சரி, இது அண்டர்வுட்தான்.

மே 8, வியாழன்

சதாசிவத்தின் அட்டை மூன்று நாளாக இழுக்கிறது.

முதல்தரப் போட்டிகள் 11 மட்டுமே. 753 ஓட்டங்கள், சராசரி 41.83, மூன்று சதம். அதில் ஒன்று 1947இல் சேப்பாக்கத்தில் தென்னிந்தியாவுக்கு எதிராக அடித்த 215. எத்தனை பந்தில் அடித்தார் என்ற கணக்கு என்னிடம் இல்லை. ஓவருக்கு மூன்று ஓட்டம் என்று வைத்தேன், அப்படியென்றால் ஒருமுறை ஆட்டமிழக்க 84 பந்து வேண்டும். கடைசியில் வழி கிடைத்தது: விக்கெட் கட்டம் விழுந்ததும் இரண்டு கட்டை உருட்டிக் கூட்டுவது, கூட்டுத்தொகை 6 அல்லது அதற்குக் குறைவென்றால் அவுட். 36 விதங்களில் 15 அப்படி வரும். கணக்குப் போட்டால் 86 பந்துக்கு ஒன்று. எழும்பி இரண்டு தரம் வீட்டுக்குள்ளேயே நடந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

சதாசிவத்துக்கு இடம் விட்டுத் துலீப் மெண்டிஸின் அட்டையைப் பெட்டிக்குள் வைத்தபோதுதான் மனம் கேட்கவில்லை. அதே 1982இல் அதே சேப்பாக்கத்தில் இரண்டு இன்னிங்ஸிலும் 105 அடித்தவர் அவர்.

மே 10, சனி

முதல் 30 ஓவர். 2 விக்கெட்டுக்கு 84. டயஸ் 33, சதாசிவம் 4.

பதினொரு மணிபோல அறைக்குள்ளிருந்து குரல் வந்தது: "இஞ்சேருங்கோ, பிள்ளை எழும்பப் போகுது." பிஸ்கட் டின் மூடிக்குள் பழைய சேலைத் துண்டை விரித்து அதற்குள் உருட்டினேன். சத்தமே இல்லை. கட்டையும் இப்போது நிலத்துக்கு ஓடுவதில்லை.

மே 12, திங்கள், வெசாக்

பௌத்தப் பண்டிகை, லீவு. தெஹிவளைக்குப் பெரியப்பாவைப் பார்க்கப் போனோம். வழியெல்லாம் வெசாக் விளக்குக் கூடு. பெரியப்பாவுக்கு 87 வயது, சின்ன வயதில் ஓவலில் சதாசிவத்தைப் பார்த்தவர். அட்டையைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இதில லேட் கட் எங்கை தம்பி?"

"நாலு ஓட்டம் எண்டு கிடக்குதே பெரியப்பா, அதுக்குள்ள வரும்."

"நாலு ஆரும் அடிப்பான். கீப்பற்றை கையுக்குப் போற பந்தை எடுத்து விடுவான் சதா. அதை எழுது."

இரவு வந்ததும் 44ஆம் கட்டத்தில் 'லேட் கட், 4' என்று எழுதினேன். ஓட்டக் கணக்கில் மாற்றம் இல்லை. ஆனால் 44 விழும்போது இனி நான் வேறொன்றைக் காண்பேன்.

மே 16, வெள்ளி

44 இரண்டு தரம் விழுந்தது. இரண்டும் எம்புரியின் பந்தில்.

சதாசிவம் 39இல் நிற்கிறார். அண்டர்வுட் வீசுகிறார். நீலம் 2, சதாசிவத்தின் அட்டை. விக்கெட் கட்டம். இரண்டு கட்டையையும் கைக்குள் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பிறகு உருட்டினேன். 4, 2. ஆறு.

ஏழு வந்திருந்தால் தப்பியிருப்பார். வீட்டில் எல்லாரும் நித்திரை, நான் இன்னொரு தரம் உருட்டினாலும் கேட்க ஆளில்லை. ஆனால் இந்த மேசையில் இரண்டு கப்டனும் நான், நடுவரும் நான். ஒருமுறை கட்டையை மாற்றிவிட்டால் அவர் முன்பு எடுத்த 39 ஓட்டத்தையும் என்னாலேயே நம்ப முடியாமல் போகும். 'டெய்லர் பிடி, அண்டர்வுட் 39' என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

மே 18, ஞாயிறு

எங்கள் இன்னிங்ஸ் 204க்கு முடிந்தது. இலக்கு 200. இங்கிலாந்து 7 விக்கெட் இழந்து எடுத்துவிட்டது. டி.எஸ். டி சில்வா நாலு விக்கெட். நடந்த ஆட்டத்தைவிட எவ்வளவோ கிட்ட வந்தோம்.

பின்னேரம் பெரியப்பா ஃபோன் எடுத்தார். யார் வென்றது என்று கேட்கவில்லை.

"சதா எத்தினை?"

"முப்பத்தொன்பது, பெரியப்பா."

"ஆர் எடுத்தது?"

"அண்டர்வுட்."

கொஞ்சம் யோசித்தார். "முதல் நாள் மழை பெஞ்சதோ? ஈரப் பிட்சிலை அவனை ஒருத்தரும் ஆடேலாது, தம்பி."

உண்மைதான், ஈர ஆடுகளத்தில் அண்டர்வுட் வேறு ஆள். என் அட்டையில் அதற்கு இடமே வைக்கவில்லை. இரவு அவருடைய அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் இன்னொரு 36 கட்டம் கீறத் தொடங்கினேன்.