பழைய பைதான் நிரலைப் புதிய உபுண்டு இயங்குதளத்தில் ஓட வைத்த அனுபவம்

மழையளவுப் பதிவுகளை மாதவாரியாகத் தொகுத்துத் தரும் நிரல் ஒன்றைப் பைதான் 3.10 பதிப்பில் எழுதி, சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்தேன். உபுண்டு 24.04 உள்ள மடிக்கணினிக்கு மாறியதும் அது ஓட மறுத்தது. நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. அதைச் சுற்றியிருந்த சூழல்தான் மாறியிருந்தது.

நிரலுக்குத் தேவையான பொதிகளை (பிறர் எழுதி வெளியிட்ட நிரல் தொகுப்புகளை) நிறுவத் தொடங்கியபோதே, இச்சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்னும் பொருள்பட ஒரு செய்தியைக் காட்டிவிட்டு, பைதானின் பொதி நிறுவியான பிப் நின்றது. உபுண்டுவின் புதுப்பிப்புக் கருவிகளே கணினியோடு வரும் பைதானைச் சார்ந்திருப்பதால், அதில் பயனர் நேரடியாகப் பொதிகளைச் சேர்த்து எதையும் குலைத்துவிடக் கூடாது என்பதற்காக பெப் 668 என்ற பைதான் மேம்பாட்டு முன்மொழிவு வகுத்த ஏற்பாடு இது. டெபியனும் உபுண்டுவும் 2023 முதல் இதைப் பின்பற்றுகின்றன. தடையை மீறுவதற்கும் கட்டளையோடு சேர்க்கும் ஒரு விருப்பக்கொடி உண்டு. 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று அதன் பெயரிலேயே விளைவைச் சொல்லிவிட்டார்கள். அதன் பக்கம் போகாமல், மெய்நிகர் சூழலுக்கான பொதியை உபுண்டுவின் நிறுவியான ஆப்ட் வழியாக நிறுவி, கணினியின் பைதானைத் தொடாமல் பொதிகளை வைத்துக்கொள்ளும் தனிச் சூழல் ஒன்றை உருவாக்கிக்கொண்டேன்.

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. என் தேவைப்பட்டியலில் இருந்த நம்பை என்னும் எண்கணிப்புப் பொதியின் 1.22.4 பதிப்பை நிறுவும்போது, பொதிகளைக் கட்ட உதவும் 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்ற தொகுதி இல்லை என்று நீண்ட பிழைச்செய்தி கொட்டியது. அதன் கடைசி வரிகள் இது பிப்பின் கோளாறாக இருக்க வாய்ப்பில்லை என்று மட்டுமே சொல்லும். காரணம் பல வரிகளுக்கு மேலே இருக்கும் என்பதால், இத்தகைய செய்திகளைக் கீழிருந்து மேலாகப் படிப்பதே என் வழக்கம். உபுண்டு 24.04 உடன் வருவது பைதான் 3.12. 2023 அக்டோபரில் வெளியான அப்பதிப்பில் டிஸ்ட்யூட்டில்ஸ் முற்றாக நீக்கப்பட்டுவிட்டது.

டிஸ்ட்யூட்டில்ஸின் இடத்தை நிரப்பும் செட்டப்டூல்ஸ் பொதியை நிறுவினால் போதும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். பல இடங்களில் பலிக்கும் அந்த வைத்தியம் இங்கே பலிக்கவில்லை. 3.12-க்கு உரிய ஆயத்த வீல் கோப்பு (முன்பே கட்டப்பட்ட பொதி) நம்பை 1.22.4-க்குக் கிடையாது, ஆகவே பிப் மூலநிரலை இறக்கித் தானே கட்ட முற்படுகிறது. அப்படிக் கட்டும்போது அது தனியே ஒரு தற்காலிகச் சூழலை அமைத்து, அந்த நம்பைப் பதிப்பு குறிப்பிட்டுக் கேட்கும் பழைய செட்டப்டூல்ஸை அதில் போட்டுக்கொள்கிறது. என் சூழலில் நான் எவ்வளவு புதிய செட்டப்டூல்ஸை வைத்தாலும் அது அங்கே எட்டாது.

நம்பையை 3.12-ஐ ஆதரிக்கும் 1.26 பதிப்புக்கு உயர்த்தலாம்தான். ஆனால் 1.20-இல் கைவிடப்போவதாக எச்சரிக்கப்பட்டு 1.24-இல் நீக்கப்பட்ட 'என்பி.ஃப்ளோட்' (பைதானின் தசம எண் வகையான ஃப்ளோட்டுக்கு நம்பை வைத்திருந்த மாற்றுப்பெயர்) என் நிரலில் ஆங்காங்கே கிடந்தது. சூழலையும் நிரலையும் ஒரே நேரத்தில் மாற்றினால், விடை பிசகும்போது குற்றம் எதன்மேல் என்று பிரித்தறிய முடியாது. எனவே முதலில் பழைய நிலையை அப்படியே மீட்பது என முடிவு செய்து, பல பைதான் பதிப்புகளை அருகருகே நிறுவ உதவும் பைஎன்வ் கொண்டு 3.10-ஐக் கட்டினேன்.

அதிலும் ஓர் இடறல் இருந்தது. பாதுகாப்பான இணைய இணைப்புக்குத் தேவையான எஸ்எஸ்எல் நீட்டிப்பு தொகுக்கப்படவில்லை என்ற பிழைச்செய்தி வந்தது. அதற்கு அடிப்படையான ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் மேம்பாட்டுப் பொதி கணினியில் இல்லாததே காரணம். அந்நீட்டிப்பு இல்லாத பைதானில் பிப்பால் பொதிக் களஞ்சியத்தையே அணுக முடியாது. அந்த மேம்பாட்டுப் பொதியையும், எஸ்க்யூலைட், இசட்லிப் ஆகிய நூலகங்களுக்கான மேம்பாட்டுப் பொதிகளையும் ஆப்ட் மூலம் நிறுவி மறுபடி கட்டியதும், நம்பை ஆயத்த வீல் கோப்பாகவே இறங்கியது.

முனையத்தில் நிரல் ஓடியது. நான் நிரல் எழுதும் விஎஸ் கோட் செயலியில் மட்டும் நம்பை இல்லை என்று அடம்பிடித்தது. நிரலின் தலையில் ஒரு வரி சேர்த்து, இயங்கும் பைதானின் முழுப் பாதையை அச்சிட்டுப் பார்த்தபோது, விஎஸ் கோட் இன்னும் கணினியின் 3.12-ஐயே அழைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அதன் கட்டளைப் பலகத்தில் மெய்நிகர் சூழலின் இன்டர்பிரெட்டரை (நிரலை ஓட்டும் பைதானை) தேர்ந்தெடுத்ததும் அது சரியாயிற்று.

பழைய மாத அட்டவணைகளும் புதிய வெளியீடும் ஒத்துப்போவதை உறுதிசெய்த பிறகே, 'என்பி.ஃப்ளோட்' வந்த இடங்களில் வெறும் 'ஃப்ளோட்' என மாற்றி, 3.12-க்கும் நம்பை 1.26-க்கும் தனியொரு சூழலில் நகர்ந்தேன். பைதான் 3.10-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் வரைதான் என்பதால் அந்த வேலையைத் தள்ளிப்போட மனமில்லை.