மே மாதத்திலும் ஆயாம்மா வேண்டும்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் மழலையர் பள்ளிகள் பெருகிவிட்டன. அவற்றுள் சில, வெளியூரில் குடியேறிவிட்ட குடும்பங்களின் பெரிய வீடுகளை வாடகைக்கு எடுத்து நடத்தப்படுகின்றன. என் மகன் வயிற்றுப் பேத்தி போவதும் அப்படியொரு வீட்டுக்குத்தான். பட்டாலை எனப்படும் கூடத்தில் வகுப்பு நடக்கும். வளவு என்னும் நடு முற்றத்தைச் சுற்றியுள்ள பத்தியில், அதாவது தாழ்வாரத்தில், சாப்பாடு. மதியத் தூக்கத்துக்கு வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில் பாய் விரிப்பார்கள். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் பெரும்பாலும் சுவர் ஓவியங்களையும் ஏசி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில் பேசுவார்களா என்று கேட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். குழந்தையைக் கழிவறைக்கு யார் அழைத்துப் போகிறார், அவர் அங்கே எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார் என்று கேட்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை. என்னைக் கேட்டால், ஒரு மழலையர் பள்ளியின் தரம் அந்த ஒரு கேள்வியில் பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

எங்கள் பேத்திக்கு மூன்று வயது. அவசரம் வந்தால் வாய் திறந்து சொல்ல மாட்டாள். கவுனின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பாள். ஒருநாள் மதியம் முன்னதாக அழைத்துவரப் போயிருந்தபோது, பத்தியில் சாம்பார் சோறு பிசைந்து போட்டுக்கொண்டிருந்த ஆயாம்மா, நான்கு பிள்ளைகளுக்கு அப்பால் அவள் அப்படி நிற்பதைக் கண்டதும் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து, கையைக் கழுவி, வேறு யாருக்கும் கேட்காதபடி அவள் காதில் ஏதோ சொல்லி அழைத்துப் போனார். போகும்போதே, பாத்திரத்தின் பக்கத்தில் பிள்ளைகள் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி ஆசிரியையிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். மழை நாட்களில் வளவில் விழும் தண்ணீர் பத்திவரை தெறித்து ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வழுக்கும் என்பதால், யாரும் சொல்லாமலே கோணிச் சாக்கை விரித்து வைப்பவரும் அவர்தான். மாலையில் பிள்ளையை என்னிடம் ஒப்படைக்கும்போது, "ஆச்சி, பாப்பா இன்னைக்குப் பாதிச் சோறுதான் சாப்பிட்டுச்சு. தொண்டை கட்டுன மாதிரி இருக்கு, ராத்திரி கொஞ்சம் பாத்துக்குங்க" என்பார். எந்த அறிக்கை அட்டையும் எனக்கு இவ்வளவு சொன்னதில்லை.

இந்தப் பள்ளியே ஏப்ரல் கடைசியில் கோடை முகாமாக மாறுகிறது. கட்டடமும் பெயர்ப்பலகையும் அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் மனிதர்கள் மாறிவிடுகிறார்கள். பல தனியார் பள்ளிகளில் ஆயாம்மாக்களுக்கு மே மாதச் சம்பளம் கிடையாது. இங்கும் அப்படித்தான் என்பது கேட்டபிறகு தெரிந்தது. சம்பளம் இல்லாத மாதத்தில் அவர்கள் வேறு வேலை தேடிப் போவதில் என்ன தவறு இருக்க முடியும்? அவர்கள் இடத்தில் விடுமுறையில் இருக்கும் கல்லூரி மாணவிகள் வருகிறார்கள். நல்ல பிள்ளைகள், உற்சாகமானவர்கள்; ஆனால் முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளை இருவராகப் பார்த்துக்கொண்டு, பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்குப் படமும் எடுத்து அனுப்ப வேண்டியிருக்கிறது. படம் எடுக்கும் நேரத்தில் கண் செல்பேசியில் இருக்கும், குழந்தைகளின் மேல் இராது.

மத்திய அரசு 2013இல் வெளியிட்ட முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு மற்றும் கல்விக் கொள்கை, மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள 20 குழந்தைகளுக்கு ஒருவரும், மூன்று வயதுக்குட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒருவரும் வேண்டும் என்கிறது. முகாமில் தலைக்கணக்கு இந்த அளவுக்குள் அடங்கிவிடலாம். ஆனால் அங்கே மூன்று வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பையனும் ஒரே கூட்டமாக இருக்கும்போது, அந்தக் கணக்குக்குப் பொருளில்லை. வயது கலந்து இருப்பதே தவறு என்று சொல்லவில்லை. மூன்றிலிருந்து ஆறு வரை ஒன்றாக வைத்துக் கற்பிப்பது மாண்டிசோரி கல்வி முறையிலேயே உள்ளது. காரைக்குடி அழகப்பர் கல்வி வளாகத்தில் மாண்டிசோரிப் பள்ளி கண்ட ஊர் எங்கள் ஊர். அங்கே பொருள்களும் இடமும் சின்னவர்களின் அளவுக்கு அமைந்திருக்கும். முகாமில் எல்லாம் பெரிய பிள்ளைகளின் அளவுக்கு அமைகின்றன.

சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மகள் வயிற்றுப் பேரனுக்கு ஒன்பது வயது. அவன் அங்கே பனையோலையில் கொட்டான் என்னும் சிறு கூடை பின்னக் கற்றுக்கொண்டு வந்தான். அவனுக்கு அது மிக நல்ல முகாம். அதே முகாமில் 'செட்டிநாட்டுப் பலகார நாள்' என்று எல்லோருக்கும் சீடையும், கடலை சேர்த்த இனிப்பான மனகோலமும் கொடுத்தார்கள். உருண்டையான சீடையும் முழு நிலக்கடலையும் நான்கைந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சுக்குழாயை அடைத்துவிடக் கூடியவை. இன்னொரு நாள் வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று வளவில் பிளாஸ்டிக் தொட்டிகளை நிரப்பித் தண்ணீர் விளையாட்டு நடந்தது. குப்புற விழுந்த சிறு குழந்தைக்குச் சாண் ஆழத் தண்ணீரும் ஆபத்துதான். தண்ணீரில் மூழ்குவது பெரும்பாலும் சத்தமே இல்லாமல் நடந்துவிடும். அன்று எதுவும் நேரவில்லை. ஆயாம்மா இருந்திருந்தால் சின்னவர்களைப் பத்தியிலேயே உட்காரவைத்து, சொம்பில் மொண்டு ஊற்றி விளையாட விட்டிருப்பார் என்று மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும்.

அங்கன்வாடிகளை ஏளனமாகப் பேசுகிறவர்கள் இங்கே உண்டு. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் அங்கன்வாடி மையத்துக்கு ஒரு பணியாளரோடு ஓர் உதவியாளரும் உண்டு. பல ஊர்களில் ஒரே உதவியாளர் ஆண்டுக்கணக்கில் அந்தத் தெருப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். கட்டணம் வாங்கும் இடங்களில் இதைக் கேட்கக் கூடாதா?

தலைமையாசிரியையிடம் நேரில் பேசினேன். பொறுமையாகக் கேட்டார், மே மாதச் சம்பளம் கொடுத்தால் முகாம் கட்டணத்தை உயர்த்த வேண்டியிருக்கும், பெற்றோர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றார். எங்கள் தெருவில் நான்கு வீட்டுப் பிள்ளைகள் அங்கே போகின்றன. ஓர் ஆயாம்மாவின் ஒரு மாதச் சம்பளத்தை முகாமுக்கு வரும் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுப் பார்த்தால், தலைக்கு வருவது முகாமின் டி-ஷர்ட்டுக்கு வாங்கிய தொகையைவிடக் குறைவு. அந்த டி-ஷர்ட்டே வேண்டாம், அவரை வரவழையுங்கள் என்று நான்கு வீட்டாரும் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். சின்னவர்களுக்குத் தனி அறை, தனித் தின்பண்டம், மாலையில் பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்பதற்குப் பெயர்ப் பட்டியல் ஆகியவற்றையும் அதில் கேட்டிருக்கிறோம். அடுத்த முகாமுக்கான அறிவிப்பு பங்குனியில் வரும். அதில் ஆயாம்மா இருப்பார் என்று எழுதியிருந்தால்தான் பேத்தியை அனுப்புவோம்.